பழம்பஞ்சுரத்தை யார் காப்பாற்றினார்கள்?

சாமியைப் பார்த்து, இப்படிப்பட்ட ஊரில் உமக்கென்ன வேலை, எதுக்காக இங்கே குடியிருக்கிறீர் என்று சண்டைக்குப் போகும் பதிகம் ஒன்று தேவாரத்தில் உண்டு. பாடியவர் சுந்தரர். அந்த ஊர் எங்க ஊர்தான், திருமுருகன்பூண்டி.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். சேர நாட்டில் நண்பர் சேரமான் பெருமாளிடம் பொன்னும் பொருளும் பெற்றுக்கொண்டு சுந்தரர் திருவாரூர் திரும்புகிறார். பூண்டிப் பக்கம் வரும்போது வேடர்கள் வழிமறித்து அத்தனையையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். வந்தவர்கள் சிவனுடைய பூதகணங்கள் என்கிறது பெரியபுராணம். சுந்தரர் நேராகக் கோயிலுக்குப் போய் முறையிடுகிறார். வில்லும் கையுமாகத் திரிகிறவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டி, அடித்து, உடுத்திய துணியையும் உருவுகிற ஊர் இது என்று வரிசையாகக் குற்றம் சொல்கிறார். பறிபோனது திரும்பக் கிடைக்கிறது. மாசித் திருவிழாவில் இதை ‘வேடுபறி’ என்று இன்றும் நடத்துகிறோம்.

அவிநாசியிலிருந்து திருப்பூருக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்த ஊர் வேறு மாதிரித்தான் தெரியும். சாலையோரம் வெள்ளைக் கல்தூசி, பாதி முடிந்த நந்தி, முகம் மட்டும் பிறந்திருக்கும் அம்மன், கிரைண்டர் சத்தம். சிற்பக்கூடங்களைத் தாண்டினால் பனியன் கம்பெனிகள். பாட்டுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

ஆனால் சுந்தரர் தேவாரத்தின் அச்சுப் பதிப்பு எதையாவது எடுத்து, ஏழாம் திருமுறையின் 49ஆம் பதிகத்தைத் திறந்து பாருங்கள். பாட்டுக்கு மேலே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: பண், பழம்பஞ்சுரம்.

எனக்கு அந்தக் குறிப்பு பனியனின் கழுத்துப் பட்டியில் வைத்துத் தைக்கிற லேபிளை ஞாபகப்படுத்தும். துணி எந்த நூலில் ஆனது, எப்படித் துவைக்கணும் என்பதெல்லாம் லேபிளில் இருக்கும். பண்ணின் பெயரும் அப்படித்தான். இந்தப் பாட்டை இந்த இசையில் பாடு என்கிறது. சிக்கல் என்னவென்றால் சுந்தரர் பாடியது எட்டாம் நூற்றாண்டில். லேபிள் நம் கையில் இருக்கிறது, துணி ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் நெய்தது. இன்றைக்கு ஓதுவார்கள் பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரண ராகத்தில் பாடுகிறார்கள். பழம்பஞ்சுரம்தான் சங்கராபரணம் என்று யார் சொன்னது? எதை வைத்துச் சொன்னார்கள்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் தமிழ் இசை ஆராய்ச்சியின் வரலாறு முழுவதையும் நடந்து பார்த்துவிடலாம்.

*

முதல் ஆராய்ச்சி ஒரு புராணத்தில் இருக்கிறது. உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணம், தேவாரம் திரும்பக் கிடைத்த கதையைச் சொல்கிறது. ராஜராஜ மன்னன் திருமுறைகளைத் தேடுகிறான். நம்பியாண்டார் நம்பி வழிகாட்ட, சிதம்பரம் கோயில் அறை ஒன்றில் ஓலைகள் அகப்படுகின்றன. பெரும்பகுதி கரையான் தின்றது போக மிச்சம் இருந்ததை எடுத்துத் தொகுக்கிறார்கள். இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். இதற்கு அடுத்த கட்டத்தை மேடைகளில் அதிகம் பேசுவதில்லை.

ஓலை கிடைத்துவிட்டது. அரசன் இருக்கிறான், பண்டிதர் இருக்கிறார். ஆனால் பாட்டை எப்படிப் பாடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அப்போது திருஎருக்கத்தம்புலியூரில், சம்பந்தரோடு கூடவே நடந்து யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் வழியில் வந்த ஒரு பெண்ணைக் கண்டுபிடிக்கிறார்கள். அவரைக் கொண்டுவந்துதான் பதிகங்களுக்குப் பண் அமைக்கிறார்கள்.

ஏட்டைக் கண்டெடுத்தவர் பெயர் இருக்கிறது, அரசன் பெயர் இருக்கிறது. பண் சொன்ன பெண்ணுக்குப் பெயர் இல்லை. பாணர் குலத்துப் பெண், அவ்வளவுதான்.

இது புராணம், நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு எழுதியது. கல்வெட்டைப் போல இதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் இதை எழுதியவருக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. எழுத்து மட்டும் இருந்தால் இசை இல்லை. காதில் வாங்கி வாயில் வைத்திருக்கிற ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் அரசவைக்கு வெளியே, தாழ்த்தி வைக்கப்பட்ட ஒரு குலத்தில்தான் இருப்பார்.

கல்வெட்டுச் சாட்சி தஞ்சையில் இருக்கிறது. பெரிய கோயிலில் திருப்பதியம் பாட ராஜராஜன் 48 பிடாரர்களையும், கூட வாசிக்க உடுக்கை ஒருவர், கொட்டிமத்தளம் ஒருவர் என மொத்தம் 50 பேரையும் நியமித்தான். ஆளுக்குத் தினமும் மூன்று குறுணி நெல். பாடியவர்கள் பெயர் அந்தக் கல்லில் வரிசையாக வெட்டப்பட்டிருக்கிறது. சம்பளம் போட்டால் பெயர் எழுதித்தானே ஆகணும். புராணத்தில் தொலைந்த பெயருக்கு எதிரில் இந்தச் சம்பளப் பட்டியலை வைத்துப் பார்த்தால், யாரை எப்போது எழுதி வைத்தார்கள் என்பதும் இசை வரலாற்றில் சேர்த்திதான் என்று புரியும்.

*

அடுத்த கட்டம் நம்மை மறுபடியும் கொங்குப் பக்கம் கொண்டுவருகிறது.

சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையில் யாழ், குழல், பாலை, பண் பற்றிய வரிகள் இருக்கின்றன. உரை இல்லாமல் அவற்றைப் படித்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. அந்த உரையை எழுதியவர் அடியார்க்குநல்லார். நிரம்பை என்ற ஊர்க்காரர். நிரம்பை கொங்கு நாட்டில், குறும்பு நாட்டுப் பிரிவில் உள்ள ஊர் என்று கொங்கு மண்டல சதகம் சொல்கிறது. இன்றைய பெருந்துறை வட்டாரம். பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வரும் வேன்கள் தினமும் போய்வருகிற தூரம்தான்.

அடியார்க்குநல்லார் தன் கையில் இருந்த பழைய நூல்களின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் உரையே எழுதுகிறார். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல். இன்னின்ன நூலைப் பார்த்து எழுதுகிறேன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லும் இந்தப் பழக்கம் இன்றைய ஆய்வேடுகளில்கூட எல்லாவற்றிலும் இருக்காது. அந்த நூல்களில் பலதும் பின்னால் தொலைந்துபோயின. அவர் எடுத்துக்காட்டிய வரிகள் மட்டும் தப்பித்தன. அவருடைய உரையும் முழுசாகத் தப்பவில்லை. கோவலனும் மாதவியும் மாறி மாறி யாழ் வாங்கிப் பாடுகிற கானல்வரிக்கு அவர் எழுதிய உரை நமக்குக் கிடைக்கவில்லை.

இந்த உரையோடு சிலப்பதிகாரத்தை உ.வே. சாமிநாதையர் 1892இல் அச்சில் கொண்டுவந்தார். கொங்கு உரைகாரர் ஒருவரின் இசைக் கணக்கு அன்றைக்குத்தான் எல்லார் கைக்கும் போய்ச் சேர்ந்தது. அப்படிப் போய்ச் சேர்ந்த கைகளில் ஒன்று தஞ்சாவூரில் இருந்த ஒரு வைத்தியருடையது.

*

ஆபிரகாம் பண்டிதர் 1859இல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். ஆசிரியர் பயிற்சி பெற்று ஆசிரியராக வேலை பார்த்தார், பிறகு சித்த வைத்தியரானார். மருந்து விற்ற காசில் தோட்டம் போட்டார், அச்சகம் வைத்தார். மிச்சத்தை இசையில் கொட்டினார். 1912இல் தஞ்சாவூரில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, ஒவ்வொரு மாநாட்டுக்கும் வித்துவான்களை வரவழைத்துச் சோறு போட்டுத் தங்கவைத்து விவாதிக்க வைத்தார். எல்லாம் சொந்தச் செலவு. பல்கலைக்கழகமும் கிடையாது, உதவித்தொகையும் கிடையாது.

அவர் விவாதத்துக்கு வைத்தது ஒரு கணக்கு. ஒரு ஸ்தாயியில் 22 சுருதி என்பது அன்றைக்கு எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தது. சிலப்பதிகார உரையில் ஏழு சுரங்களுக்கு 4, 4, 3, 2, 4, 3, 2 என்று மாத்திரை கொடுத்திருப்பார்கள். கூட்டினால் 22 வரும். பண்டிதர் வட்டப்பாலையை எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு ராசி வீடுகளைப் போல ஒரு வட்டத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து, அதில் சுரங்களை வைத்துத் திருப்பும் முறை அது. அதைப் பிடித்துக்கொண்டு, சுருதிகள் 24, எல்லாம் சம இடைவெளி என்று வாதாடினார். 1916இல் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடியபோது வாயால் பேசியதோடு நிறுத்தவில்லை. தன் மகள்கள் மரகதவல்லியையும் கனகவல்லியையும் பாடவும் வீணை வாசிக்கவும் வைத்து, தன் கணக்கைச் சபையின் காதுக்கே காட்டினார். அடுத்த ஆண்டு, 1917இல், ‘கருணாமிர்த சாகரம்’ வந்தது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய புத்தகம். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் காலமானார்.

அவருடைய 24 சுருதிக் கணக்கை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் பழைய பாலைகளை இன்றைய ராகங்களோடு பொருத்திப் பார்க்கும் வேலை அவருக்குப் பிறகு நிற்கவே இல்லை.

அந்தப் பொருத்தத்தை விளக்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி செல்போன்தான். கீபோர்டு ஆப் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். வெள்ளைக் கட்டைகளை மட்டும் தொடுங்கள். மேற்கத்தியர் ‘சி’ என்று சொல்லும் கட்டையில் தொடங்கி ஏழு வெள்ளைக் கட்டைகளை வரிசையாக வாசித்தால் சங்கராபரணம். அதே கட்டைகள்தான், ஆனால் அடுத்த கட்டையை ‘ச’ என்று வைத்துத் தொடங்கினால் கரகரப்பிரியா. அதற்கடுத்து தோடி, பிறகு கல்யாணி, பிறகு அரிகாம்போதி, பிறகு நடபைரவி. ஏழாவது கட்டையில் தொடங்கினால் பஞ்சமம் சரியாக விழாது. பாலை திரிதல் என்று பழைய நூல்கள் சொல்வது இதைத்தான். குரல் என்னும் முதல் சுரத்தை இடம் மாற்ற மாற்றப் புதுப் பாலை பிறக்கிறது. செம்பாலை அரிகாம்போதி, அரும்பாலை சங்கராபரணம், கோடிப்பாலை கரகரப்பிரியா என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் இன்று ஒத்துக்கொள்ளும் அட்டவணை இந்த வழியில் வந்ததுதான்.

இப்போது பூண்டிக்குத் திரும்பலாம். பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணத்தில் பாடுகிறார்கள். ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி அவிநாசியில் அதே சுந்தரர் பாடிய பதிகத்துக்குப் பண் குறிஞ்சி. அதை அரிகாம்போதியில் பாடுகிறார்கள். இரண்டு ராகத்துக்கும் சுர அளவில் ஒரே ஒரு வித்தியாசம், நிஷாதம். ஆறு சுரம் அப்படியே இருக்க, நிஷாதம் மட்டும் அரைப்படி இறங்குகிறது. பழம்பஞ்சுரம் பகற்பண், குறிஞ்சி இரவுப்பண் என்று மரபு பிரித்து வைத்திருக்கிறது. பூண்டியில் பகல், அவிநாசியில் ராத்திரி, நடுவில் ஒரு நிஷாதம்.

*

இலங்கையிலிருந்து வந்த சுவாமி விபுலானந்தர் இந்த வேலையை இன்னொரு பக்கத்திலிருந்து பிடித்தார். கிழக்கிலங்கையில் காரைதீவில் 1892இல் பிறந்தவர். லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டம், மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதர் பட்டம் இரண்டையும் கையில் வைத்திருந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், பின்னால் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கும் முதல் தமிழ்ப் பேராசிரியர்.

அவர் கேட்டது வேறு கேள்வி. பண்ணைப் பற்றிப் பேசுகிறோம், சரி, பண் பிறந்த கருவி எங்கே? வில் யாழ், பேரியாழ், மகர யாழ், சகோட யாழ், செங்கோட்டி யாழ் என்று நூல்களில் பெயர் இருக்கிறது, ஒரு யாழ்கூட மிஞ்சவில்லை. கணிதத்தையும் ஒலியியலையும் வைத்து நரம்பின் நீளத்தைக் கணக்குப் போட்டு, எந்த யாழ் எப்படி இருந்திருக்கும் என்று தேடினார். பல ஆண்டுகள் அதில் போயின. 1947 ஜூன் 5, 6 தேதிகளில் கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் ஆதரவில் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் ‘யாழ் நூல்’ அரங்கேறியது. அவர் ஆராய்ச்சிப்படி செய்த கருவிகளையும் அங்கே கொண்டுவந்தார்கள். ஜூலை 19இல் அவர் மறைந்தார். ஒன்றரை மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

விபுலானந்தர் சொன்னதோடு கதை முடிந்துவிடவில்லை. ஆபிரகாம் பண்டிதரின் மகன் வரகுண பாண்டியன் ‘பாணர் கைவழி’ என்று ஒரு நூல் எழுதி, யாழும் வீணையும் வேறு வேறு இல்லை என்று எதிர்வாதம் வைத்தார். அந்தக் காலத்தில் இசை பற்றி எழுதியவர்கள் ஒருவரையொருவர் சும்மா விடவில்லை. ஒருவர் கணக்கை இன்னொருவர் கருவியில் மீட்டிப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டார்கள், இல்லாவிட்டால் மறுத்து எழுதினார்கள்.

*

இதற்குள் கல்விக்கூடங்களும் வந்துவிட்டன. அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் 1929இல் இசைக்கல்லூரி தொடங்கினார். 1940களில் தமிழிசை இயக்கம் சூடுபிடித்தது. தமிழ்நாட்டுக் கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு ஏன் கடைசி இடம் என்ற கேள்வி மேடைக்கு வந்தது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. 1949 முதல் அந்தச் சங்கம் ஆண்டுதோறும் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தியது. பழம்பஞ்சுரத்தின் கதையில் இது பெரிய திருப்பம்.

அந்தக் கூட்டங்களில் சாட்சி சொன்னவர்கள் ஓதுவார்கள். குரு வழியாகத் தங்களுக்கு வந்தபடி பாடிக்காட்டினார்கள். புலவர்களும் வித்துவான்களும் கேட்டார்கள், கேள்வி போட்டார்கள், ஒப்பிட்டார்கள். இந்தப் பண் இந்த ராகம் என்று இன்றைக்கு நாம் புத்தகங்களில் பார்க்கிற பட்டியல் உறுதிப்பட்டதில் அந்தக் கூட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, பழம்பஞ்சுரம் சங்கராபரணம் என்பதற்கு ஆதாரம் ஓலையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. தலைமுறை தலைமுறையாக மடத்திலும் கோயிலிலும் பாடிவந்தவர்களின் தொண்டைதான் ஆதாரம்.

அந்தப் பட்டியலை எப்படி வாசிக்கணும் என்பதும் முக்கியம். கொல்லிப் பண்ணுக்கு நேரே நவரோசு ராகம் என்று இருக்கும். நவரோசு என்ற பெயரே பாரசீகப் புத்தாண்டை ஞாபகப்படுத்தும் பெயர். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் இன்றைய நவரோசைப் பாடினார் என்று யாராவது சொன்னால் நாம சிரிப்போம். சங்கராபரணமும் அப்படித்தான். இன்றைய கச்சேரிச் சங்கராபரணத்தில் கமகமும் கற்பனையும் சேர்ந்து சேர்ந்து பல நூற்றாண்டு வளர்ச்சி இருக்கிறது. சுரக்கோவை ஒன்று, பாடும் முறை இன்னொன்று. அந்தப் பட்டியல் சொந்தக்காரர்களை அடையாளம் காட்டுகிறது; இவர்தான் அவர் என்று சொல்லவில்லை.

இன்னொரு ஒப்பீடும் கொங்கிலேயே இருக்கிறது. பூண்டிப் பதிகத்துக்கு முந்தையது, 48ஆம் பதிகம், திருப்பாண்டிக்கொடுமுடி. கே.பி. சுந்தராம்பாள் பிறந்த அதே கொடுமுடி. நான் உன்னை மறந்தாலும் என் நாக்கு ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும் என்று சுந்தரர் கரைந்து பாடுகிற பதிகம் அது. அதற்கும் பண் பழம்பஞ்சுரம்தான். கொடுமுடியில் சரணாகதி, பூண்டியில் சண்டை, இரண்டுக்கும் ஒரே பண். சோகத்துக்கு இந்த ராகம், வீரத்துக்கு அந்த ராகம் என்று நாம் மனப்பாடமாகச் சொல்லும் வாய்ப்பாடு இங்கே செல்லாது. இரண்டு பதிகத்தையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரே சுரங்களை வைத்துக்கொண்டு பாட்டின் நடையும் சந்தமும் எவ்வளவு தூரம் போக முடியும் என்று புரியும்.

*

தொலைந்துபோன நூல்களில் பஞ்சமரபையும் சொன்னேன் அல்லவா? அடியார்க்குநல்லாரின் மேற்கோள் வழியாக மட்டுமே தெரிந்திருந்த நூல், அறிவனார் எழுதியது. அது கிடைத்ததும் கொங்கில்தான். ஊர் ஊராக ஏடு தேடித் திரிந்த தெய்வசிகாமணிக் கவுண்டர் கண்டெடுத்து, பொள்ளாச்சி நா. மகாலிங்கத்தின் ஆதரவோடு 1973இல் அச்சேற்றினார். பின்னால் வீ.ப.கா. சுந்தரம் அதற்கு விளக்கம் எழுதினார். தமிழிசைக் கலைக்களஞ்சியத்தை நான்கு தொகுதியாகத் தந்தவரும் அவர்தான். நிரம்பைக்காரர் படித்த நூலின் ஏட்டை, பல நூற்றாண்டு கழித்து, கொங்குக்காரர் ஒருவரே தேடி எடுத்திருக்கிறார். ஏட்டைப் பூச்சி அரிக்காமல் யார் வீட்டிலோ பரணில் போட்டு வைத்திருந்தவர்களுக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு.

குடந்தை ப. சுந்தரேசனாரையும் சொல்லாமல் விட முடியாது. பள்ளிப் படிப்பு சின்ன வகுப்போடு நின்றுபோனவர். நகைக்கடையில் வேலை பார்த்தவர். சிலப்பதிகார இசையையும் தேவாரப் பண்களையும் தானே கற்று, ஊர் ஊராகப் போய்ப் பாடிக் காட்டியே விளக்கினார். கட்டுரை வாசித்துவிட்டு உட்காருகிற வழக்கம் அவரிடம் இல்லை. சொன்ன ஒவ்வொன்றையும் பாடினார்.

இவர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். பெயர் தெரியாத பாணர் பெண், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து வைத்தியரானவர், அறிவியல் படித்த துறவி, ஏடு தேடிய கவுண்டர், நகைக்கடை ஊழியர், கோயில் ஓதுவார்கள். இசை ஆராய்ச்சி முன்னால் நகர்ந்த ஒவ்வொரு தடவையும் காதும் கையும் ஏடும் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன. ஏட்டை மட்டும் பிடித்துக்கொண்டபோது வெறும் பெயர்ச் சண்டையாகப் போயிருக்கிறது. காதை மட்டும் நம்பியபோது அந்த ஆளோடு அந்த அறிவும் சுடுகாட்டுக்குப் போயிருக்கிறது.

நம் தலைமுறைக்கு வந்திருக்கும் ஆபத்து மூன்றாவது வகை. உலகத்து ராகமெல்லாம் எங்களிடமிருந்து போனதுதான் என்று ஒரு வரி வாட்ஸாப்பில் வரும். அதை அனுப்பியவர் ஒரு பதிகத்தையாவது முழுசாகக் கேட்டிருப்பாரா என்பது சந்தேகம். ஆபிரகாம் பண்டிதரும் கர்நாடக ராகங்களின் வேர் தமிழ்ப் பண்களில்தான் என்று சொன்னார். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஆயிரம் பக்கம் கணக்குப் போட்டார், எதிர்ப்பவர்களைச் சொந்தக் காசில் அழைத்து உட்காரவைத்தார். பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த வேலையை விட்டுவிட்டால், இன்னும் இருபது வருஷத்தில் பழம்பஞ்சுரம் என்பது வெறும் லேபிளாகத்தான் இருக்கும்.

*

எங்க ஊர்ச் சிற்பக்கூடங்களில் நான் கவனித்த ஒன்றை இங்கே சொல்லணும். பெரிய கல்லில் வேலை தொடங்குகிறவர் முதலில் சுத்தியலால் அங்கங்கே தட்டிக் கேட்கிறார். சிற்ப நூல்கள் கல்லை ஓசையை வைத்துத்தான் பிரிக்கின்றன. கணீரென்று வெண்கல மணி போல ஒலித்தால் ஆண் கல், மென்மையாக ஒலித்தால் பெண் கல், ஓசையே எழாவிட்டால் நபும்சகக் கல். சாமி சிலைக்கு ஒன்று, அம்மனுக்கு ஒன்று, பீடத்துக்கு ஒன்று. உள்ளே விரிசல் இருந்தாலும் ஓசை காட்டிக்கொடுத்துவிடும். இதே காதுதான் மதுரையிலும் திருநெல்வேலியிலும் சுசீந்திரத்திலும் தட்டினால் சுரம் பேசுகிற தூண்களைச் செய்தது. மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது, கோவையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. ஒன்றில் கல், ஒன்றில் பாட்டு. பூண்டிச் சாலையோரத்தில் உட்கார்ந்து கல்லைத் தட்டிக் கேட்கிறவரின் அறிவு இரண்டு பாடத்திட்டத்துக்கும் நடுவில் நிற்கிறது.

நான் பெரிய திட்டம் எதையும் கேட்கவில்லை. கொங்கில் பாடல் பெற்ற தலங்கள் ஏழு: அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, வெஞ்சமாக்கூடல், கொடுமுடி, கரூர். ஒரு இருசக்கர வண்டி, ஒரு செல்போன், சில ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தால் ஏழு ஊருக்கும் போய், ஓதுவார்கள் அந்தந்த ஊர்ப் பதிகத்தைப் பாடுவதைச் சம்மதம் கேட்டுப் பதிவு செய்யலாம். யாரிடம் கற்றார், அவருடைய ஆசிரியர் யார், எந்தச் சுருதியில் பாடுகிறார் என்று எழுதிக்கொள்ளலாம். ஒரே பதிகத்தை இரண்டு பேர் எங்கே வேறு மாதிரிப் பாடுகிறார்கள் என்று கேட்கலாம். பண் ஆராய்ச்சிக் கூட்டங்களில் மேடையில் நடந்தது இதுதான். இதற்குப் பட்டம் தேவையில்லை. பொறுமையும் கொஞ்சம் காதும் போதும்.

2021இல் சென்னைக்கு அருகே மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலில் சுகாஞ்சனா என்ற இளம்பெண்ணை ஓதுவாராக நியமித்தார்கள். செய்தித்தாள்கள் அவர் பெயரையும் படத்தையும் போட்டன. எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணுக்குக் கிடைக்காதது அது. பாடுகிறவர் பெயரை எழுதி வைப்பது மரியாதை என்பதற்கும் மேலே ஆராய்ச்சி முறையும்கூட. யார் பாடியது என்று தெரிந்தால்தான் எந்த வழியில் வந்தது என்று தெரியும். எந்த வழி என்று தெரிந்தால்தான் இன்னொரு வழியோடு ஒப்பிட முடியும்.

அதனால் தேவாரத்துக்கு யாராவது புதிதாகப் பதிப்பு போட்டால் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். 49ஆம் பதிகத்துக்கு மேலே ‘பண், பழம்பஞ்சுரம்’ என்ற குறிப்பு அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே, இன்ன கோயிலில், இன்ன ஆண்டில், இன்னாரிடம் கற்ற இன்னார் பாடியபடி என்று இன்னும் ஒரே ஒரு வரி சேருங்கள்.